கிராவல் எடுத்த பள்ளம் நீர்த்தேக்கம் ஆகுமா? சோழவரம் பக்கம் 4 ஹெக்டேர்

ஜனவரி 6, கேள்வி (மாதவரம் வாசகர்)

சோழவரத்துக்கு மேற்கே எங்களுக்கும் பங்காளிகளுக்கும் அடுத்தடுத்து நாலு பட்டா நிலம். ஒவ்வொன்றும் சுமார் 1 ஹெக்டேர், 100-க்கு 100 மீட்டர். மேலே செம்மண், கீழே கிராவல். நாலுக்கும் தனித்தனியாகக் குத்தகை போட்டு 6 மீட்டர் ஆழத்துக்கு எடுக்கிறேன் என்று ஒரு காண்ட்ராக்டர் கேட்கிறார். முடிந்ததும் மழைத்தண்ணி நின்று குளமாகிவிடுமாம், மீன் குத்தகைக்கும் விடலாமாம். சிக்கராயபுரம் குவாரித் தண்ணியைச் சென்னைக்கே குடிக்கக் கொடுத்தார்களே என்கிறார். நம்பலாமா அண்ணே?

ஜனவரி 6, இரவு

சிக்கராயபுரத்தை இதற்கு உதாரணமாகச் சொல்லக் கூடாது. அங்கே இருப்பவை கருங்கல் குவாரிகள். 2017 வறட்சியிலும் 2019-லும் அந்தத் தண்ணீரைச் செம்பரம்பாக்கம் நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சுத்திகரித்துத்தான் நகரத்துக்கு விட்டார்கள். பாறைக்குழி தண்ணீரைப் பிடித்து வைக்கும். பக்கச் சுவர் செங்குத்தாக நின்றாலும் சரியாது. கிராவல் குழியில் தண்ணீர் கீழே இறங்கும், பக்கம் சரியும். இரண்டுக்கும் கணக்கே வேறு.

ஆனாலும் உங்கள் நிலத்தை நல்ல நீர்நிலையாக்க முடியும். அதற்குக் குளத்தின் வரைபடம் முதலில் வர வேண்டும். ஹிட்டாச்சி இறங்குவது அதற்குப் பிறகுதான். "முடிந்ததும் குளமாகிவிடும்" என்ற பேச்சுக்கு ஒப்புக்கொண்டால் கையில் மிஞ்சுவது நாலு செங்குத்துப் பள்ளங்கள். அதில் தண்ணீர் வருவதற்கு முன்னால் குப்பை லாரி வந்துவிடும்.

ஜனவரி 8

பணம் எங்கே போகிறது என்பது தெரியாமல் பங்காளிகளை உட்காரவைத்துப் பேச முடியாது. அதனால் முதலில் கொள்ளளவு.

பக்கத்துப் பட்டா எல்லையிலிருந்து 7.5 மீட்டர் விட்டுத்தான் தோண்ட வேண்டும். 100-க்கு 100 நிலத்தில் நாலு பக்கமும் அதைக் கழித்தால் மேல்வாய் 85-க்கு 85. 6 மீட்டர் ஆழம், 45 பாகை சரிவு, அதாவது 1 மீட்டர் ஆழத்துக்கு 1 மீட்டர் அகலம். அடி 73-க்கு 73 ஆகிறது. கொள்ளளவு 37,500 கனமீட்டர். நாலு குழிக்கு 1,50,000.

இதே குழிகளில் நீர்நிலைக்கு ஏற்ற 1-க்கு 3 சரிவு வைத்தால் அடி 49-க்கு 49 ஆகச் சுருங்கும். ஒரு குழிக்கு 27,600, நாலுக்கு 1,10,000. காண்ட்ராக்டர்கள் இந்தச் சரிவுக்கு ஒப்பாததன் காரணம் இதுதான். நாலில் ஒரு பங்கு கிராவல் உள்ளேயே நின்றுவிடுகிறது.

இப்போது நாலு பட்டாவையும் ஒரே குத்தகையாக்குங்கள். 200-க்கு 200 நிலம், மேல்வாய் 185-க்கு 185, சரிவு 1-க்கு 3, அடி 149-க்கு 149. கொள்ளளவு 1,68,000 கனமீட்டர்.

தனித்தனியாக 45 பாகையில் வெட்டி எடுப்பதைவிட, சேர்த்து 1-க்கு 3 சாய்வில் வெட்டினால் 18,000 கனமீட்டர் அதிகம் கிடைக்கிறது. நடுவில் வீணாக நிற்கும் 15 மீட்டர் தடுப்புகள் போய்விடுவதால் வரும் லாபம் இது. 100 கன அடி யூனிட்டில் சொன்னால் 6,300 யூனிட்டுக்கு மேல். சாய்வு கேட்டால் நஷ்டம் என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு எண்களையும் எடுத்து வையுங்கள்.

ஜனவரி 9

"1-க்கு 3 வைத்தால் பாதி கிராவல் போய்விடும்" என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். குழி சிறியதாக இருந்தால்தான் அப்படி. 5 ஹெக்டேர் குழியில், 250-க்கு 200 என்று வைத்தால், இழப்பு நூற்றுக்கு 11 அளவுதான். பரப்பு கூடக்கூடச் சரிவின் பங்கு குறையும். அரை ஹெக்டேர் துண்டுகளாக அனுமதி வாங்கும் வழக்கம்தான் நம் பக்கத்தில் எல்லாவற்றையும் கெடுக்கிறது.

ஒன்று மட்டும். பரப்பைச் சேர்த்தால் சுற்றுச்சூழல் அனுமதியின் வகை மாறுமே என்று பயந்து பிரித்துப் போடுபவர்கள் உண்டு. பக்கத்துப் பக்கத்துக் குத்தகைகளைக் கொத்தாகச் சேர்த்துப் பார்க்கும் முறை சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் 2016 ஜனவரி திருத்தத்திலேயே வந்துவிட்டது. பிரித்துப் போட்டுத் தப்பிக்கலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

ஜனவரி 13

நிலத்தடி நீர்மட்டம். இது தெரியாமல் ஆழத்தைப் பேசுவதில் பொருளே இல்லை.

நாலு மூலையிலும் நடுவிலும் 12 மீட்டர் போர் போட்டு 63 மி.மீ. பி.வி.சி. குழாய் இறக்குங்கள். அடி 3 மீட்டருக்கு ரம்பத்தால் கீறல் போட வேண்டும். கீறல் பகுதியைச் சுற்றிப் பொடிக்கல், அதற்கு மேல் தரைமட்டம் வரை களிமண் அடைப்பு. அடைப்பு இல்லையென்றால் மழைநீர் குழாய் ஓரமாகவே இறங்கிப் பொய்யளவு காட்டும். எல்லாக் குழாய் வாயையும் ஒரே அளவுக்கல்லுக்கு (அசையாமல் நட்ட மட்டக்குறிக்கு) மட்டம் எடுத்து எழுதிவையுங்கள். நாடாவில் சாக்பீஸ் தடவி இறக்கினால் நனைந்த இடம் தெரியும். மாதம் ஒருமுறை அளந்தால் போதும், ஆனால் ஒரு முழு ஆண்டு அளக்க வேண்டும். நம் பக்கம் வடகிழக்கு மழை முடிந்து மார்கழி, தையில் மட்டம் உச்சத்தில் இருக்கும். ஆனி, ஆடியில் அடியில் இருக்கும். வெயிலில் ஒருநாள் அளந்துவிட்டு "தண்ணி 9 மீட்டரில்" என்று எழுதும் அறிக்கையை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

ஐந்து குழாயின் மட்டத்தையும் வரைந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதும் தெரியும். எந்தக் கிணறுகள் குழிக்குக் கீழ்ப்பக்கம் இருக்கின்றன என்பதை அதிலிருந்துதான் சொல்ல முடியும்.

ஜனவரி 14

பொங்கல் நாளிலும் கேள்வி வருகிறது. நல்லதுதான். "ஐந்து போருக்குப் பதில் பக்கத்துக் கிணற்றையே அளந்தால் என்ன?" அளக்கலாம், கூடுதல் தகவலாக. மோட்டார் ஓடும் கிணற்றின் மட்டம் நிலத்தின் மட்டம் ஆகாது. ஒருநாள் இரவு முழுக்க மோட்டாரை நிறுத்திவைத்துக் காலையில் அளக்க வேண்டும்.

ஜனவரி 19

மட்டம் தெரிந்த பிறகுதான் எந்த வகை நீர்நிலை என்று முடிவு செய்ய முடியும். மூன்று வழி இருக்கிறது.

குழியின் அடி, தை மாத மட்டத்துக்கும் 2 மீட்டர் மேலே நின்றால் ஊறவைக்கும் குழி. வந்த தண்ணீர் இறங்கி நிலத்தடியில் சேரும். சுற்றுக் கிணறுகளுக்கு நல்லது. ஆனால் மாசியில் தண்ணீரைப் பார்க்க முடியாது, மீன் வளர்க்க முடியாது.

அடி நீர்மட்டத்துக்குக் கீழே போனால் நிலத்தடி நீரே வெளியே தெரியும் குளம். பார்க்க நிறைவாக இருக்கும். ஆனால் அது புதிதாகச் சேர்ந்த நீரில்லை. மூடியிருந்த நீரை வெயிலுக்குத் திறந்து வைத்திருக்கிறோம். சென்னையில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆண்டுக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆவியாகும். 3 ஹெக்டேர் பரப்பென்றால் 45,000 கனமீட்டருக்கு மேல். பக்கத்து விவசாயியின் போரிலிருந்தும்தான் அது போகிறது. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில், இப்படித் திறந்த கிராவல் குழியிலிருந்து ஆவியாகும் நீருக்கு ஈடாக வேறிடத்திலிருந்து ஆற்றுக்கு நீர் திருப்பித் தர வேண்டும் என்று சட்டமே வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அப்படிக் கேட்க ஆளில்லை என்பதற்காகப் பக்கத்து வயலின் பங்கை எடுக்கலாமா?

மூன்றாவது, அடியும் பக்கமும் களிமண் பூசி அடைத்த தேக்கம். செலவு அதிகம். அதைத் தனியாக எழுதுகிறேன்.

ஜனவரி 20

களிமண் பூச்சு.

ஈரப்பதம் சரியாக வைத்து, 20 செ.மீ. தளர்ந்த அடுக்காகப் பரப்பி, முள் ரோலர் விட்டு, மொத்தம் 60 செ.மீ. வரும்வரை அடுக்கடுக்காக ஏற்ற வேண்டும். இறுகிய அடர்த்தி, மண் அதிகபட்சம் எவ்வளவு இறுகும் என்று காட்டும் பிராக்டர் சோதனை அளவில் நூற்றுக்கு 95. ஈரம், அந்தச் சோதனை காட்டும் உகந்த அளவைவிட ஒன்றிரண்டு சதவீதம் கூடுதலாக இருக்கட்டும். காய்ந்த கட்டிகளை உருட்டினால் அடர்த்தி வந்துவிடும். ஆனால் கட்டிக்கும் கட்டிக்கும் நடுவே தண்ணீர் வழி கண்டுபிடிக்கும். ஒரு அடுக்கின் மேல்முகத்தைக் கீறிவிடாமல் அடுத்த அடுக்குப் போட்டால் இரண்டும் ஒட்டாது.

நன்றாகச் செய்த பூச்சில், 5 மீட்டர் நீர் நின்றால், கசிவு நாளுக்கு 1 மி.மீ.க்கும் கீழே. ஆண்டுக்கு 30 செ.மீ. அளவு. பூச்சின் தரம் பத்து மடங்கு மோசமானால் நாளுக்கு 8 மி.மீ., சித்திரை வெயில் ஆவியாக்குவதைவிட அதிகம். கண்ணால் பார்த்து இந்த இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. அடுக்குக்கு அடுக்கு சோதனை எடுக்கச் சொல்வது அதனால்தான்.

அளவு எவ்வளவு? உங்கள் 149-க்கு 149 அடியும், நீர் நிற்கும் சரிவும் சேர்த்து 32,600 சதுர மீட்டர். 60 செ.மீ. கனத்துக்குச் சுமார் 20,000 கனமீட்டர் இறுகிய களிமண். தளர்வாக ஏற்றினால் 26,000. ஆறு யூனிட் டாரஸ் லாரியில் 1,500 லோடுக்கு மேல். கொள்ளளவு குறையக் கூடாதென்றால் அந்த 60 செ.மீ.யையும் கூடத் தோண்ட வேண்டும். ஏரி வண்டலை எடுத்துக்கொள்ளலாமே என்பார்கள். உழவுக்கும் மண்பாண்டத்துக்கும் கொடுக்கும் வண்டல் அனுமதியின் நோக்கம் வேறு. அதை இதற்கு வளைக்காதீர்கள்.

ஜனவரி 21

"பிளாஸ்டிக் ஷீட் விரித்தால் போதாதா, மலிவு" என்ற கேள்விக்கு: நீர்மட்டம் அடிக்கு மேலே ஏறும் இடத்தில் ஷீட் மிதந்து மேலே வந்துவிடும். 1 மி.மீ. ஷீட் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிலோ கூட எடையில்லை. 60 செ.மீ. ஈரக் களிமண்ணுக்கே சதுர மீட்டருக்கு 1.2 டன் எடை இருந்தும், வெளியே நீர்மட்டம் பூச்சின் அடிமுகத்தைவிட 1.2 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் காலி தேக்கத்தில் அது பொங்கி வெடிக்கும். அதனால் பூச்சுப் போட்ட தேக்கத்தைத் தை மாதத்தில் காலி செய்யக் கூடாது. மேலே சொன்ன ஐந்து குழாய்களை வேலை முடிந்த பிறகும் பிடுங்காமல் வைத்திருக்க வேண்டியதும் இதற்குத்தான்.

ஜனவரி 27

யோசித்துப் பார்த்தபின் ஒன்று. உங்கள் இடத்துக்குப் பூச்சை நான் சிபாரிசு செய்யமாட்டேன். முதலில் ஊறல் சோதனை செய்யுங்கள். திட்டமிட்ட அடிமட்டம் வரை சோதனைக்குழி தோண்டி, அதன் அடியில் 30-க்கு 30 செ.மீ. சிறு குழி போட்டு, ஒருநாள் முழுக்கத் தண்ணீர் ஊற்றி ஈரமாக்கி, மறுநாள் நீர் இறங்கும் வேகத்தை அளக்க வேண்டும். செங்குன்றம் பக்கத்துச் செம்புறைக் கிராவலில் களிமண் கலந்திருக்கும். நாளுக்கு 10 செ.மீ. இறங்கினால், நிறைந்த தேக்கம் இரண்டு மாதத்தில் வற்றும். வற்றியது வீணாகப் போகவில்லை, கொசஸ்தலையாற்றுப் படுகையின் நிலத்தடியில் சேர்ந்தது. வடசென்னைக்கு இன்றைக்குத் தேவை அதுதான். பஞ்செட்டி, தாமரைப்பாக்கம், மீஞ்சூர் கிணற்று வயல்களிலிருந்து பல பத்தாண்டுகளாக உறிஞ்சியிருக்கிறோம். திரும்ப ஊற்றுவதை ஏன் நஷ்டக் கணக்கில் எழுத வேண்டும்?

பிப்ரவரி 2

தண்ணீர் எங்கிருந்து வரும்? இதைத்தான் யாரும் கேட்கவில்லை.

குழியின் மேலேயே விழும் மழை ஆண்டுக்கு 1.3 மீட்டர் என்று வைத்தால் 44,500 கனமீட்டர். ஆவியாவதும் ஏறக்குறைய அதே அளவு. ஆக, வானத்தை மட்டும் நம்பினால் குழி நிறையாது. தரைக்கு 1 மீட்டர் கீழே வரை நீர் நின்றால் கொள்ளளவு 1,35,000 கனமீட்டர், அதாவது 13.5 கோடி லிட்டர். செம்மண் நிலத்தில் மழையில் ஐந்தில் ஒரு பங்கு ஓடிவரும் என்று வைத்தாலும் 50 ஹெக்டேருக்கு மேல் நீர்ப்பிடிப்பு வேண்டும்.

அதனால் ஏரியின் கலங்கலிலிருந்து போகும் உபரிக் கால்வாயோடு இணைப்பதுதான் வழி. ஏரி நிறைந்து வழிந்த பிறகு வருவது மட்டும். வரத்துக் கால்வாயில் கைவைத்தால் கீழே இருக்கும் ஆயக்கட்டு காயும், ஊரில் சண்டை வரும். ஊர் பக்கம்தான் நியாயமும் இருக்கும். நொடிக்கு ஒரு கன அடி வேகத்தில் ஒருநாள் முழுக்க ஓடினால் 2,447 கனமீட்டர். உங்கள் தேக்கத்துக்கு 55 கன அடி நாள் வேண்டும். கலங்கல் ஐந்து நாள் வழிந்தால் 11 கன அடி திருப்பினால் போதும். 1 மீட்டருக்கு 1 மீட்டர் பெட்டிக் கல்வெட்டு 35 கன அடி வரை தாராளமாக விடும். அதற்கு மேல் பெரிதாக்காதீர்கள்.

பள்ளம் உடைவது பெரும்பாலும் உள்வாயில்தான். 6 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் விழும்போது கிராவல் கரை அடியிலிருந்து அரிந்து, அரிப்பு பின்னோக்கிக் கால்வாயை நோக்கி ஏறும். ஒரே இரவில் கால்வாயே குழிக்குள் திரும்பிவிடும். தடுப்பதற்கு: வாயில் மணல் படியும் தொட்டி, அதில் பலகை போட்டு மூடும் மதகு, அங்கிருந்து அடி வரை கருங்கல் பதித்த படிகள், படிக்குக் கீழே பொடிக்கல் வடிகட்டி அடுக்கு, அடியில் வேகம் அடங்க அரை மீட்டர் ஆழத் தொட்டி. வடிகட்டி அடுக்கை விட்டுவிட்டுக் கல்லை நேராக மண்ணில் பதித்தால் கல்லுக்கு அடியிலிருந்து மண் கழன்று போய்க் கல் உட்காரும். எதிர்ப்பக்கம் வழிந்தோட ஒரு வெளிவாய் கட்டாயம். 2015 டிசம்பர் போன்ற மழையில் உள்வாய் மதகு மூடியிருந்தாலும் வயல் வெள்ளம் எந்தப் பக்கமும் ஏறி வரும்.

பிப்ரவரி 3

மேலே சொன்ன கால்வாய் இணைப்பு விஷயத்தில் ஒருவர் கேட்டிருக்கிறார்: ஆற்றை ஒட்டிய நிலம் என்றால் நேராக ஆற்றிலிருந்தே வாய்க்கால் வெட்டிவிடலாமா? கூடாது. வெள்ளத்தில் ஆறு குழியைத் தன் பாதையாக்கிக்கொள்ளும். ஆற்றுப்படுகை மேல்நோக்கி அரியும், அணைக்கட்டும் பாலத்தூணும் ஆட்டம் காணும்.

பிப்ரவரி 5

பேச்சு கொஞ்சம் விலகினாலும் சொல்ல வேண்டியது. 1863 மே மாதம் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்தது ஒரு கிராவல் குழியில்தான். அதே ஆண்டு செப்டம்பரில் அத்திரம்பாக்கம். அங்கே பின்னர் நடந்த அகழாய்வு, கருவிகளை 15 லட்சம் ஆண்டுப் பழமைக்குக் கொண்டுபோனது. பூண்டி அருங்காட்சியகத்தில் போய்ப் பார்க்கலாம். கொசஸ்தலைப் படுகையில் கிராவல் வெட்டுகிறவர்கள் இதைத் தெரிந்து வெட்ட வேண்டும். இருபக்கமும் சில்லு பெயர்த்த, வேல்நுனி போன்ற குவார்ட்சைட் கல் வந்தால் வாளியை நிறுத்திவிட்டுத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். லாரியில் ஏறிவிட்டால் அது எந்த அடுக்கில் கிடந்தது என்ற சாட்சி போய்விடும்.

பிப்ரவரி 12

மீஞ்சூர் பக்கத்து வாசகர் ஒருவர்: "எங்கள் நிலத்திலும் இப்படிச் செய்யலாமா?"

உங்களுக்கு வேறு விடை. மீஞ்சூரில் கடல்நீர் நிலத்தடியில் ஏறியது 1960-களிலேயே கண்டறியப்பட்டது. கடலோர நிலத்தடியில் நன்னீர், உப்புநீருக்கு மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீட்டர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டருக்கு உப்பைத் தள்ளி வைக்கும். மேலே 1 மீட்டர் இழந்தால் அடியில் 40 மீட்டர் உப்பு ஏறும் கணக்கு அது. அங்கே நீர்மட்டத்தைத் திறந்து வெயிலில் ஆவியாக்கும் குழி எதுவும் வேண்டாம். ஊறவைக்கும் குழி மட்டும், அதுவும் அடி தை மட்டத்துக்கு மேலே நிற்கும்படி. முதலில் கிணற்று நீரின் உப்பைச் சோதியுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மி.கி. வரை குடிநீருக்கு ஏற்றது. வேறு வழியே இல்லாதபோது 2,000 வரை. அதைத் தாண்டிய இடத்தில் தோண்டும் ஆழத்தைக் கூட்டாதீர்கள்.

எண்ணூர் கழிமுகத்தை ஒட்டியும் பழவேற்காடு பக்கமும் கடற்கரை ஒழுங்குமுறை விதிகள் தனியாக இருக்கின்றன.

பிப்ரவரி 24

தோண்டும் வரிசை.

முழு நிலத்தையும் ஒரே நேரத்தில் உரிக்காதீர்கள். 185 மீட்டர் அகலத்தை 46 மீட்டர் பட்டைகளாக நாலாகப் பிரியுங்கள். தாழ்ந்த பக்கப் பட்டையில் தொடங்கினால் மழைநீர் ஒரு மூலையில் சேரும், மோட்டார் ஒரே இடத்தில் நிற்கும். மேல்மண் 30 செ.மீ., மொத்தம் 10,000 கனமீட்டர் வரும். முதல் பட்டையின் மேல்மண்ணை 2 மீட்டர் உயரத்துக்கு மிகாமல் குவித்துச் சணப்பை விதைத்துவிடுங்கள். உயரமாகக் குவித்தால் அடியில் காற்றில்லாமல் மண் செத்துவிடும். இரண்டாம் பட்டையின் மேல்மண் குவியலுக்குப் போகாமல் நேரே முதல் பட்டையின் முடிந்த சரிவுக்குப் போக வேண்டும். ஒருமுறை தூக்கினால் போதும், டீசலும் மிச்சம்.

வேலை நடக்கும் முகப்புக்குச் சுரங்க விதி இருக்கிறது: கிராவல், களிமண் போன்ற மண்ணில் சரிவு 45 பாகைக்குள், அல்லது 1.5 மீட்டர் உயரப் படிகள், படியின் அகலம் உயரத்துக்குக் குறையாமல். அது தொழிலாளியின் உயிருக்கான விதி. இறுதிச் சரிவு வேறு.

இங்கேதான் ஏமாற்று நடக்கும். எல்லை வரை 45 பாகையில் வெட்டி எடுத்துவிட்டு, "கழிவு மண்ணைப் போட்டு 1-க்கு 3 ஆக்கித் தருகிறேன்" என்பார்கள். கொட்டிய மண் முதல் மழையில் நனைந்து வழுக்கும். வெட்டாத மண்ணிலேயே சரிவு கிடைக்க வேண்டும். எல்லையில் தவிர்க்கவே முடியாமல் நிரப்ப வேண்டி வந்தால், பழைய முகப்பில் படி வெட்டி, 25 செ.மீ. அடுக்காக, ரோலர் போட்டு நிரப்ப வேண்டும். லாரி பின்புறம் தூக்கிக் கொட்டினால் அது நிரப்பு ஆகாது.

20 மீட்டருக்கு ஒன்றாகச் சரிவுப் பலகை நட்டுவிடுங்கள். ஆபரேட்டருக்குக் கோணம் கண்ணில் தெரிய வேண்டும்.

பிப்ரவரி 25

லாரிப் பாதையைக் கேட்டவருக்கு: 1-க்கு 10 ஏற்றம், 6 மீட்டர் ஆழத்துக்கு 60 மீட்டர் நீளம். அதை ஓரத்தில் நிரந்தரமாக வைத்துவிடுங்கள். பிறகு தூர் எடுக்க வண்டி இறங்கவும், மாடு தண்ணீர் குடித்து ஏறவும் அதே பாதை.

மார்ச் 1

சரிவைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துவதற்குக் கடைசிக் காரணம் உயிர். திருவள்ளூர் மாவட்டத்தில் கைவிட்ட மண்குழிகளில் பிள்ளைகள் மூழ்கிய செய்தியைப் படிக்காத கோடை விடுமுறையே கிடையாது. மட்டம் 5 மீட்டர் ஏறி இறங்கும் தேக்கத்தில் ஒரு மட்டத்தில் மட்டும் ஆழமற்ற திண்டு வைத்துப் பயனில்லை. நீர் எந்த மட்டத்தில் நின்றாலும் விழுந்த பிள்ளை காலூன்றி ஏறும் சாய்வு வேண்டும். அது 1-க்கு 3. களிமண் பூசிய சரிவாக இருந்தால் ஈரத்தில் வழுக்கும். அதன் மேல் 30 செ.மீ. கிராவல் போர்த்துங்கள். அந்தப் போர்வை வெயிலில் பூச்சு வெடிக்காமலும் காக்கும். நாலு பக்கமும் கற்படி, நுழைவாயிலில் ஆழம் எழுதிய பலகை, கையிருப்பாகக் கயிறும் மிதவையும்.

பனை, புங்கன், நீர்மருது எல்லாம் 7.5 மீட்டர் ஓரப்பகுதியில் வையுங்கள். நீர்ப்பக்கச் சரிவில் வெட்டிவேரும் அருகும் மட்டும். பூச்சு இருக்கும் இடத்தில் மரவேர் இறங்கினால், மரம் பட்டபின் வேர் மக்கிய வழியெல்லாம் கசியும்.

மார்ச் 9

"ஏரி மாதிரி மதகு திறந்து பாய்ச்சலாமா?" முடியாது. ஏரிநீர் கரைக்குள் தரைக்கு மேலே நிற்கிறது, அதனால் தானே பாயும். குழிநீர் தரைக்குக் கீழே கிடக்கிறது, இறைத்துத்தான் ஆக வேண்டும். குழாய் இழப்பு உட்பட 8 மீட்டர் ஏற்றம், பம்பு திறன் பாதி என்று வைத்தால் 1,00,000 கனமீட்டருக்கு 4,400 யூனிட் மின்சாரம். பெரிய தொகை இல்லை. ஆனால் வேகமாக இறைக்காதீர்கள். நாளுக்கு 30 செ.மீ.க்கு மேல் மட்டம் இறங்கினால், சரிவுக்குள் ஊறிய நீர் வெளியேற நேரமில்லாமல் கரை பிளந்து இறங்கும்.

மார்ச் 10

சென்னைக்குக் குடிநீர் தரலாமா என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. உங்கள் தேக்கம் 4.8 மில்லியன் கன அடி. புழல் ஏரி 3,300. கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகையே 500. நகரத்துக்கு நாளொன்றுக்கு 100 கோடி லிட்டர் என்று வைத்தால் உங்கள் குளம் மூன்று மணி நேரத் தண்ணீர். அதற்காக இதைச் செய்யாதீர்கள். பத்துப் பதினைந்து ஏக்கர் தோட்டப்பயிருக்கு உயிர்த்தண்ணீர், சுற்றியுள்ள போர்களில் சில மாதங்களுக்கு ஏறிய மட்டம், இதுதான் பலன். கிராமத்துக்கு அது பெரிய விஷயம்.

மார்ச் 16

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை, கேட்டபடி.

நாலு பட்டாவும் ஒரே சுரங்கத் திட்டம். புலப்படத்தையும் அ-பதிவேட்டையும் எடுத்து, உள்ளே வாய்க்கால் புறம்போக்கு ஓடவில்லை என்று உறுதிசெய்த பிறகே கையெழுத்து. செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள் விழுகிறதா என்று சர்வே எண்ணை வைத்து முதலிலேயே கேட்டுவிடுங்கள். விழுந்தால் இந்த இழையில் உள்ள எதுவும் பொருந்தாது.

இறுதிச் சரிவு 1-க்கு 3, வெட்டாத மண்ணில். அடிமட்டம் அளவுக்கல்லிலிருந்து இத்தனை மீட்டர் என்று எண்ணாக எழுத வேண்டும், "6 மீட்டர் ஆழம்" என்று மட்டும் எழுதினால் எந்தத் தரையிலிருந்து என்ற வழக்கு வரும். ஒரு பட்டையின் சரிவு முடிந்து அளந்து ஒப்புக்கொண்ட பிறகே அடுத்த பட்டையில் வாளி இறங்கலாம். உள்வாய்க் கட்டுமானம் மூன்றாம் பட்டை முடிவதற்குள். கட்டணத்தில் ஒரு பகுதியை யூனிட்டுக்கு இவ்வளவு என்று பிடித்து, பங்காளிகளும் காண்ட்ராக்டரும் சேர்ந்து கையெழுத்திட்டால் மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில் போட்டுவையுங்கள். குத்தகை முடிந்தபின் பள்ளத்தில் குப்பை, சாம்பல், கட்டட இடிபாடு எதுவும் கொட்டக் கூடாது என்பது தனி விதியாக இருக்கட்டும். ஊறவைக்கும் குழியில் கொட்டிய எதுவும் நேரே கிணற்றுக்குப் போய்ச் சேரும்.

மார்ச் 17

விட்டுப்போனது: ஊறல் குழியின் அடியில் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மெல்லிய வண்டல் படலம் படியும். இரண்டு மூன்று செ.மீ. படிந்தாலே நீர் இறங்கும் வேகம் பாதிக்கு மேல் குறையும். ஆண்டுதோறும் வைகாசியில் அடி காய்ந்ததும் அந்தப் படலத்தைச் சுரண்டி எடுத்து, அடியை ஏர் விட்டுக் கீறிவிடுங்கள். சுரண்டிய வண்டலைத் தோட்டத்துக்குப் போடலாம்.